ஆட்டத்தில் உண்டு, கணக்கில் இல்லை

எங்கள் தெருவில் கல்லா மண்ணாவோ கண்ணாமூச்சியோ, எது ஆடினாலும் ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு பஞ்சாயத்து நடக்கும். இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்த அக்கா ஒருத்தி, "இவனையும் சேத்துக்கிட்டாத்தான் நான் வருவேன்" என்பாள். மூன்று வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படி ஆடுவது என்று ஆளாளுக்கு முனகுவோம். கடைசியில் எங்களில் மூத்தவர் யாராவது தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்: "சரி விடு, அவன் ஒப்புக்குச் சப்பாணி."

அதற்கான சட்டம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். ஒப்புக்குச் சப்பாணி ஓடலாம், ஒளியலாம், கூட்டத்தோடு கத்தலாம். அவனைத் தொட்டால் அவுட் கிடையாது. அவன் யாரையாவது தொட்டாலும் அது செல்லாது. ஆட்டத்தில் அவன் உண்டு, கணக்கில் இல்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமல் பிள்ளைகளே கண்டுபிடித்த ஏற்பாடு இது. மூன்று வயதுக்காரனுக்கு நல்ல ஏற்பாடும்தான். இரண்டு வருஷத்தில் அவன் வளர்ந்து, கணக்கில் வரும் ஆளாகிவிடுவான்.

என் வகுப்பில் படித்த நண்பன் ஒருவனுக்கு அப்படி வளர்ந்து தாண்டிவிட வழி இருக்கவில்லை. இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பியவன் அவன். நாங்கள் வேடிக்கையாகச் சொல்லிய அந்தச் சொல் அவனுக்கு நிஜம். அதை அவன் முகத்துக்கு நேரே நாங்கள் சொன்னதில்லை. சொல்லாமலே அப்படித்தான் நடத்தினோம். பி.டி. பீரியடில் எங்கள் சட்டைகளையும் வாட்ச்களையும் பார்த்துக்கொள்வது அவன் வேலை. காம்பவுண்டு சுவரில் சாக்பீஸால் ஸ்கோர் எழுதுவதும் அவன்தான். அவன் எழுதிய ஸ்கோரை யாரும் மறுத்துப் பேசியது கிடையாது. ஒரு வருஷம், நாங்கள் படித்த பள்ளியின் விளையாட்டு விழாவில் அவன் பெயரை மைக்கில் கூப்பிட்டு ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அவன் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுத்திருக்கவில்லை. எல்லோரும் கைதட்ட, ஐந்து படி ஏறிப் போய் வாங்கி வந்தான். வீட்டுக்குத் திரும்பும்போது அந்த டப்பாவை என் பையில் போட்டுவிட்டான். அவனை எந்த ஆட்டத்தில் எப்படிச் சேர்க்கலாம் என்று எங்கள் பள்ளியில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

சிறுவர் சிறுமியர் விளையாட்டில் எல்லாப் பிள்ளைகளையும் உள்ளே கொண்டுவருவது பற்றி இன்று உலகம் முழுக்க விளையாட்டு அமைப்புகள் பேசுகின்றன. விளையாட்டு ஓர் அடிப்படை உரிமை என்று யுனெஸ்கோ 1978இல் சாசனம் வெளியிட்டது. குழந்தைகளுக்கு விளையாடும் உரிமை உண்டு என்கிறது 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 30ஆவது பிரிவில் விளையாட்டைத் தனியாகவே எடுத்துப் பேசுகிறது. மைதானங்களையும் பயிற்சி முறைகளையும் அவர்கள் பங்கேற்கும் விதமாக மாற்றி அமைக்க வேண்டும், அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது அதில் உள்ள கடமை. சட்டத்தில் குறையில்லை. ஆனால் ஒரு அமைப்பு "எங்கள் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது" என்று சொல்லும்போதெல்லாம் எனக்குத் தெருவின் அந்தத் தீர்ப்புதான் ஞாபகம் வரும். உள்ளே வந்த பிள்ளை கணக்கில் வருகிறதா? அதைத் தொட்டால் அவுட்டா?

இந்தக் கேள்விக்குச் சரியான பதிலை ஆட்ட விதியிலேயே எழுதிவைத்தவர்கள் பார்வை மாற்றுத்திறனாளிகளின் கிரிக்கெட்டை நடத்துகிறவர்கள். உள்ளே சிறு உலோகக் குண்டுகள் போட்ட பிளாஸ்டிக் பந்து. உருளும்போது கலகலவென்று சத்தம் வரும். கையைத் தாழ்த்தித்தான் வீச வேண்டும். பிட்சின் பாதி தூரத்துக்கு முன்பே பந்து ஒருமுறையாவது தரையில் பட வேண்டும். பவுலர் "ரெடியா" என்று கேட்டு, பேட்ஸ்மேன் "எஸ்" என்ற பிறகு, "ப்ளே" என்று சொல்லிவிட்டுத்தான் பந்தை விடலாம். இவை வசதிக்காகச் செய்த மாற்றங்கள். விஷயம் அணி அமைப்பில் இருக்கிறது. முழுப் பார்வையின்மை உள்ளவர்கள், ஓரளவு பார்வை உள்ளவர்கள், அதைவிடக் கூடுதலாகப் பார்வை உள்ளவர்கள் என்று மூன்று பிரிவு. பதினோரு பேரில் முழுப் பார்வையின்மை உள்ளவர்கள் குறைந்தது நான்கு பேர் இருந்தே ஆக வேண்டும். அவர்கள் அடிக்கும் ஒவ்வொரு ரன்னும் இரண்டாகக் கணக்கிடப்படும். ஒருமுறை தரையில் பட்டு எழும்பிய பந்தை அவர்கள் பிடித்தால் அதுவும் கேட்ச்தான்.

இதைச் சலுகை என்று சொல்பவர்கள் உண்டு. அந்த அணியின் கேப்டனாக உங்களை வைத்துப் பாருங்கள். முழுப் பார்வையின்மை உள்ள ஒரு பையனை ஓரமாக உட்காரவைத்துவிட்டு நீங்கள் ஜெயிக்க முடியாது. அவனுக்கு நன்றாகப் பயிற்சி கொடுத்தால் இருபது ரன் நாற்பதாகும். அவன் மேல் இரக்கம் இருக்கிறதோ இல்லையோ, கேப்டனுக்கு அவன் தேவைப்படுகிறான். இந்த விதிகளோடுதான் 1998இல் டெல்லியில் முதல் உலகக் கோப்பை நடந்தது.

இதே யோசனையை அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காக வேறு மாதிரி செய்தது ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் அமைப்பு. யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் முன்னின்று 1968இல் சிகாகோவில் தொடங்கியது அது. முதலில் அந்தப் பிள்ளைகளுக்கு மட்டுமான போட்டிகள்தான் நடந்தன. அதில் ஒரு நல்ல பழக்கம் உண்டு: முதலில் எல்லோரையும் ஓடவிட்டு நேரம் குறித்துக்கொண்டு, ஒத்த வேகம் உள்ளவர்களை ஒரே பிரிவில் போடுவார்கள். அதனால் ஒவ்வொரு பந்தயமும் நிஜமான பந்தயமாக இருக்கும். பிறகு, குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் ஆடும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஐந்து பேர் ஆடும் கால்பந்து என்றால் களத்தில் குறைபாடு உள்ளவர்கள் மூவர், இல்லாதவர்கள் இருவர். ஏழு பேர் ஆட்டத்தில் நான்கும் மூன்றும். பதினோரு பேர் ஆட்டத்தில் ஆறும் ஐந்தும். எப்போதும் அந்தப் பிள்ளைகளே பெரும்பான்மை. இந்த எண்ணிக்கையை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள்: பத்துப் பேருக்கு நடுவில் அந்தப் பிள்ளை ஒன்று நிற்கும், எல்லோரும் கைதட்டுவார்கள், பந்து அதனிடம் வராது.

புதுச்சேரிப் பக்கம் போகிறவர்கள் மாலை வேளையில் பெரியவர்கள் இரும்புக் குண்டுகளை வீசி ஆடுவதைப் பார்த்திருப்பார்கள். பெத்தாங்க் என்று பெயர். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ஆட்டம். அது பிறந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்கு பிரான்சில் லா சியோத்தா என்ற ஊரில், லெனுவார் என்று அழைக்கப்பட்ட ஆட்டக்காரர் ஒருவர் இருந்தார். அன்றைய குண்டு விளையாட்டில் சில அடி ஓடிவந்து வீச வேண்டும். மூட்டு வாதம் வந்து அவரால் ஓட முடியாமல் போனது. அவருக்காகத் தூரத்தைக் குறைத்து, நின்ற இடத்திலிருந்தே வீசலாம் என்று விதியை மாற்றினார்கள். காலை ஊன்றி நிற்பது என்ற பொருளிலேயே அந்தப் பெயர் வந்தது. ஒரு மனிதருக்காக மாற்றிய விதி பல நாடுகள் ஆடும் ஆட்டமாகி, நம் பக்கத்து ஊர்த் தெருவரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஒருவருக்காக விதியை மாற்றினால் ஆட்டம் கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

சரி, ஊர்ப் பள்ளியில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் பி.டி. மாஸ்டர் என்ன செய்வது? பிரிட்டனில் பயிற்சியாளர்களுக்கு இதைச் சுருக்கமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரு பிள்ளையால் ஆட முடியவில்லை என்றால் இடம், செய்ய வேண்டிய காரியம், பொருள், கூட ஆடும் ஆள், இந்த நான்கில் எதையாவது மாற்று என்கிறார்கள். பெரிய செலவு ஒன்றும் இல்லை. பந்தின் மேல் ஒரு பாலிதீன் கவரைச் சுற்றிக் கட்டினால் அது உருளும்போது சரசரக்கும். பார்வை குறைந்த பிள்ளை காதால் பந்தைத் தேடிப் போகும். காது கேளாத பிள்ளைகள் இருக்கும் ஆட்டத்தில் விசிலோடு ஒரு கொடியையும் வீசினால் போதும். சக்கர நாற்காலியில் இருப்பவரை கேரம் போர்டு பக்கம் அனுப்பிவிடும் பழக்கம் நம் பள்ளிகளில் வேரூன்றியிருக்கிறது. வலையைத் தாழ்த்திக் கட்டினால் வகுப்பு முழுக்க உட்கார்ந்தே வாலிபால் ஆடலாம். உட்கார்ந்து ஆடும் வாலிபால் 1950களில் நெதர்லாந்தில் உருவாகி, 1980இலிருந்து பாராலிம்பிக்ஸில் ஆடப்படுகிறது. கோர்ட் பத்து மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம். வலை ஆண்களுக்கு 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05 மீட்டர். பந்தை அடிக்கும்போது உட்காரும் இடம் தரையை விட்டு எழும்பக் கூடாது. இதில் நல்ல காலோடு இருப்பவனுக்கும் கஷ்டம்தான்; எழுந்துவிடும் பழக்கத்தை அவன் அடக்கியாக வேண்டும்.

இதுவரை சொன்னது குறைபாடு உள்ள பிள்ளைகளைப் பற்றி. எங்கள் கடலூர் மாவட்டத்தில் கோட்டுக்கு வெளியே நிற்கும் பிள்ளைகளை எண்ணினால் பெண் பிள்ளைகள்தான் அதிகம் இருப்பார்கள். அதே மாவட்டத்தில்தான் ஒரு பெரிய மாற்றமும் நடந்தது. அது நடந்த விதத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டில் நாகப்பட்டினத்துக்கும் கன்னியாகுமரிக்கும் அடுத்தபடியாக உயிர்களை இழந்தது கடலூர் மாவட்டம். அறுநூறு பேருக்கு மேல் போனார்கள். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனங்குப்பம் என்று கரை நெடுகக் குப்பங்கள் குலைந்தன. அதற்கடுத்த வருஷங்களில் கடலூரில் பயிற்சியாளர் மாரியப்பன், சுனாமியில் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பெண் பிள்ளைகள் உட்படப் பலரைக் கால்பந்தாட்டத்துக்குக் கூட்டிவந்தார். அதிலிருந்து வளர்ந்த இந்திரா காந்தி அகாடமி அணி, 2017-18 இந்திய மகளிர் லீக்கின் இறுதிச் சுற்றில் ஆடிய ஏழு அணிகளில் ஒன்று. கடலூரின் இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்கள ஆட்டக்காரராக வளர்ந்தார். தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டரும் ஆனார். 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்துத் தமிழ்நாடு முதல்முறையாகத் தேசிய மகளிர் கோப்பையை வென்ற அணியில் அவர் இருந்தார். மகளிர் கால்பந்தில் மணிப்பூரைத் தோற்கடிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது அந்த ஆட்டத்தைப் பின்தொடர்பவர்களுக்குத் தெரியும்.

பயிற்சி மட்டும் இதைச் செய்துவிடவில்லை. குப்பத்து வீட்டில் ஒரு பெண் பிள்ளை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிரவுண்டுக்கு வர வேண்டுமென்றால், அந்த ஐந்து மணிக்கு அவள் வீட்டில் செய்யும் வேலையை வேறு யாராவது செய்ய வேண்டும். தண்ணீர் பிடிப்பது, தம்பியைப் பார்த்துக்கொள்வது, அம்மா மீன் விற்றுவிட்டு வருவதற்குள் உலை வைப்பது. பிறகு பயிற்சி முடிந்து இருட்டில் எப்படித் திரும்புவது என்ற கேள்வி. பசி வேறு, மத்தியானம் சத்துணவு சாப்பிட்ட பிள்ளை ஆறு மணிக்கு ஓடினால் தலை சுற்றும். உடை மாற்ற இடம், கழிப்பறை, மாதவிடாய் நாட்களில் என்ன செய்வது என்பதெல்லாம் அதற்கு மேல். எல்லாவற்றுக்கும் பின்னால் அப்பாவின் கேள்வி ஒன்று இருக்கும்: "பந்து ஒதச்சா சோறு போடுமா?" இத்தனைக்கும் பதில் சொல்லும் அமைப்பில்தான் பெண் பிள்ளை நான்காவது மாதமும் வந்து நிற்பாள். தங்க இடமும் சாப்பாடும் படிப்பும் பந்தோடு சேர்ந்து கிடைக்கும் இடங்களில் அவர்கள் நிலைத்தார்கள். அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு என்று தமிழ்நாடு அரசு வைத்திருப்பது அப்பாவின் கேள்விக்கு நேரடியான பதில். காக்கிச் சட்டையோடு ஊருக்குத் திரும்பிவரும் ஓர் அக்காவைப் பார்த்த பிறகு, குப்பத்தில் அந்தக் கேள்வியின் தொனியே மாறிவிடுகிறது.

விளையாட்டுத் துறைக்கே சம்பந்தமில்லாத ஒன்றையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 2021இல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. திருநங்கைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், உடன் வருபவருக்கும் அதே வருஷம் அது விரிந்தது. கண் தெரியாத மகனைப் பயிற்சிக்குக் கூட்டிவரும் தாய்க்குப் போக வர ஆகும் செலவு இல்லாமல் போனது எந்த விளையாட்டுத் திட்டத்துக்கும் குறைந்ததல்ல.

உடை விஷயத்தில் உலக அமைப்புகள் மெதுவாகத்தான் அசைந்தன. தலையை மூடி ஆட 2007இல் கால்பந்தில் விழுந்த தடை 2014இல்தான் முறைப்படி விலகியது. கூடைப்பந்தில் 2017வரை பொறுக்க வேண்டியிருந்தது. அந்த இடைப்பட்ட வருஷங்களில் விளையாடும் வயதைக் கடந்துபோன முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கு அந்த வருஷங்கள் திரும்பி வரப்போவதில்லை. 2023இல் இங்கிலாந்து மகளிர் கால்பந்து அணி வெள்ளை அரைக்கால் சட்டையை விட்டு நீலத்துக்கு மாறியது. மாதவிடாய் நாட்களில் வெள்ளை உடையில் ஆடுவதன் பதற்றத்தை ஆட்டக்காரர்களே சொன்னதால் வந்த மாற்றம் அது. பரங்கிப்பேட்டையிலோ நெல்லிக்குப்பத்திலோ ஒரு பெண் டிராக் பேண்ட்டோடும் முழுக்கை பனியனோடும் கபடி ஆட வந்தால், "யூனிபார்ம் இல்ல, வெளிய நில்லு" என்று சொல்லாமல் இருக்க நம் ரெஃப்ரிகளுக்கு எந்தச் சர்வதேசத் தீர்மானமும் தேவையில்லை. முடிவெடுக்கும் மேஜையில் பெண்கள் இருந்தால் இதெல்லாம் சீக்கிரம் பேசப்படும். 2025இல் நிறைவேறிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், தேசிய விளையாட்டு அமைப்புகளின் செயற்குழுவில் குறைந்தது நான்கு பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. மாவட்டச் சங்கங்கள் வரைக்கும் அந்தக் காற்று வீச வேண்டும்.

சாதியைப் பற்றிப் பேசாமல் எங்கள் மாவட்டத்து விளையாட்டைப் பற்றி எழுதினால் அது பாதி உண்மைதான். பொங்கல் விளையாட்டு விழாவில் ஊர்த் தெரு அணி ஒன்றும் காலனி அணி ஒன்றும் தனித்தனியாக ஜெர்சி அடிப்பது இங்கே யாருக்கும் வியப்பு தராத காட்சி. கிரவுண்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே யார் தினமும் ஆடலாம் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. இது இன்று நேற்று வந்ததல்ல. பல்வங்கர் பாலூ நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் தலைசிறந்த சுழற்பந்து வீச்சாளர்; 1911இல் இங்கிலாந்து போய் நூறுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை எடுத்தவர். தலித் என்பதால் புனேயில் அவருக்கு அரங்குக்கு வெளியே தனிக் குவளையில் தேநீர் கொடுத்தார்கள். பந்து வீச வேண்டும், ஆனால் கூட உட்கார்ந்து டீ குடிக்கக் கூடாது. அவருக்குக் கடைசிவரை மறுக்கப்பட்ட இந்துக்கள் அணியின் தலைமை, 1923இல் அவர் தம்பி விட்டலுக்குக் கிடைத்தது.

இதற்கு விளையாட்டு அமைப்புகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதைச் செய்யும் அமைப்புகளை நான் அதிகம் பார்த்ததில்லை: அணிகளைத் தெரு வாரியாகப் பதிவு செய்யாமல், பெயர்களைக் குலுக்கிப்போட்டு அணி பிரிப்பது. ஒரே நாளில் முடியும் போட்டியில் இதைச் செய்தால் பெரிய பலன் இருக்காது. மூன்று மாதம் நடக்கும் லீக்காக இருந்தால், வாரா வாரம் ஒரே பக்கம் நின்று தோற்று, ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்து, ஒரே ரெஃப்ரியைத் திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். பழக்கம் வர அவ்வளவு நாள் வேண்டும்.

வயதுப் பிரிவு என்பது எல்லோரும் நியாயமானது என்று நம்பும் ஏற்பாடு. பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் அணியில் ஜனவரியில் பிறந்தவனும் அதே வருஷம் டிசம்பரில் பிறந்தவனும் சேர்ந்து நிற்பார்கள். அந்த வயதில் பதினோரு மாத வித்தியாசம் உயரத்திலேயே தெரியும். கனடாவில் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை 1985இல் ஆராய்ந்தபோது, வருஷத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அணிகளில் குவிந்திருந்தது தெரிந்தது. திறமை என்று நினைத்துத் தேர்ந்தெடுத்ததில் ஒரு பங்கு வெறும் மாதக் கணக்கு. நம் ஊரிலோ பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் எழுதிய தேதியே பிறந்த தேதியான காலம் இப்போதுதான் போயிருக்கிறது. ஒல்லியாக இருந்ததால் பன்னிரண்டு வயதில் செலக்ஷனில் விடுபட்ட பிள்ளை, பதினைந்து வயதில் வளர்ந்த பிறகு திரும்ப வந்து கேட்பதில்லை.

நார்வே நாட்டின் விளையாட்டுக் கூட்டமைப்பு இதற்கு வேறு வழி பிடித்தது. குழந்தைகள் விளையாட்டுக்கென்று தனி விதிகளையே வைத்திருக்கிறது. பதினோரு வயது வரை முடிவுப் பட்டியலோ தரவரிசையோ வெளியிடக் கூடாது. பதின்மூன்று வயதுக்கு முன் தேசிய சாம்பியன்ஷிப் கிடையாது. போட்டியே இல்லாமல் வளர்ந்தால் பிள்ளைகள் சோம்பேறியாகிவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: சுமார் 55 லட்சம் மக்கள் உள்ள அந்த நாடு 2018 குளிர்கால ஒலிம்பிக்ஸில் 39 பதக்கங்களோடு முதலிடத்தில் நின்றது. பனியும் பணமும் அங்கே உண்டுதான். ஆனாலும் சிறுவயதில் யாரையும் வடிகட்டி வெளியே அனுப்பாததால் பதினாறு வயதில் தேர்ந்தெடுக்க அவர்களிடம் நிறைய பிள்ளைகள் மிச்சம் இருக்கிறார்கள். நமக்குக் குறுவட்டப் போட்டியிலேயே முக்கால்வாசிப் பேர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். தோற்ற பிள்ளைக்கு அடுத்த ஆட்டம் அடுத்த வருஷம்தான்.

தமிழ்நாடு அரசின் பக்கம் நல்லவை நடந்திருக்கின்றன. முதலமைச்சர் கோப்பையில் பள்ளி, கல்லூரி, பொதுமக்கள், அரசு ஊழியர் என்ற பிரிவுகளோடு மாற்றுத்திறனாளிகளுக்கும் தனிப் பிரிவு வைத்தார்கள். மற்றவர்களுக்கு உள்ளதுபோலவே மாவட்ட அளவில் 3,000, 2,000, 1,000 ரூபாய்ப் பரிசு. பரிசுத் தொகையில் வேறுபாடு காட்டாதது சின்ன விஷயமில்லை. அது கணக்கில் எடுத்துக்கொண்டதன் அடையாளம். ஊராட்சிகளுக்கு 33 வகைப் பொருள்கள் கொண்ட விளையாட்டு உபகரணப் பை போயிருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் விளையாட்டுச் சாமான்களுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைப் பள்ளிக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கு 25,000 ரூபாய் வரை ஆண்டுதோறும் ஒதுக்க வழி உண்டு. பாரிஸ் பாராலிம்பிக்ஸ் 2024இல் பாட்மின்டனில் துளசிமதி முருகேசன் வெள்ளியும், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் வெண்கலமும் வென்றார்கள். மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் தொடர்ந்து மூன்றாவது பாராலிம்பிக்ஸில் பதக்கம் எடுத்தார். நால்வருமே தமிழ்நாட்டுக்காரர்கள்.

குறை எங்கே என்றால், போட்டி நடக்கும் அந்த ஒரு நாளுக்கும் மற்ற நாட்களுக்கும் நடுவில். கடலூர் அண்ணா விளையாட்டரங்கத்தில் காலை எட்டு மணிக்குப் பதிவு என்றால் திட்டக்குடிப் பக்கத்துப் பிள்ளை விடியலில் எழுந்து பஸ் மாறி வர வேண்டும். சக்கர நாற்காலியோடு எந்த பஸ்ஸில் ஏறுவது? போட்டி முடிந்து சான்றிதழ் வாங்கியவன் மறுநாள் எங்கே போய்ப் பயிற்சி எடுப்பது? ஒரு ஒன்றியத்துக்கு ஒரு கிரவுண்டில், வாரம் இரண்டு நாள், விதியை மாற்றி ஆடவைக்கத் தெரிந்த ஒரு பயிற்சியாளர் இருந்தால் போதும். அவர் வரும் நேரமும் இடமும் பிள்ளைகளின் வீட்டுக்குத் தெரிந்திருந்தால் போதும். அதோடு, ஏதாவது தப்பு நடந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்பது அந்தப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சியாளரிடம் பயந்து, வெளியே சொல்ல முடியாமல் விளையாட்டையே விட்டுவிட்ட பிள்ளைகள் எந்தப் பட்டியலிலும் இல்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கிரவுண்டு சுவரில் பெரிதாக எழுதிவைக்க ஒரு டப்பா பெயின்ட் ஆகும்.

போன மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவனாம்பட்டினம் கடற்கரையில் நாங்கள் சிலர் சேர்ந்து உட்கார்ந்து ஆடும் வாலிபாலை முயன்று பார்த்தோம். இரண்டு சவுக்குக் கழிகளை நட்டு, குப்பத்தில் வாங்கிய பழைய வலையை இடுப்பு உயரத்துக்குக் கட்டினோம். கோட்டைக் குச்சியால் மணலில் கிழித்தோம். நன்றாக ஓடக்கூடிய பிள்ளைகள் எட்டு பேர், கால் குறைபாடு உள்ள பிள்ளைகள் மூன்று பேர். ஆளுக்கு ஆறு என்றால் ஒருவர் குறைந்தார். என் நண்பனைக் கூட்டிவந்திருந்தேன். இப்போது மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். "நான் ஸ்கோர் போடுறேன்" என்றுதான் சொன்னான். பிள்ளைகள் விடவில்லை.

முதல் இரண்டு சர்வீஸும் வலையிலேயே விழுந்தன. மூன்றாவது போய்ச் சேர்ந்தது. எட்டுக்கு எட்டு என்று இருந்தபோது எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த பந்து அவனுக்கும் பக்கத்தில் இருந்த பெண்ணுக்கும் நடுவே விழுந்தது. இருவரும் அசையவில்லை. பதின்மூன்று வயசு இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. கையை உதறிக்கொண்டு அவன் பக்கம் திரும்பிக் கத்தினாள்: "அண்ணா, அது உன் பாலுண்ணா! ஏன் விட்ட? உன்னாலதான் பாயிண்ட் போச்சு!"

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. கைகளை ஊன்றிக் கோடு வரைக்கும் நகர்ந்து போய், மணலில் பந்து விழுந்த தடத்தை விரலால் காட்டி, "இத பாரு, கோட்டுக்கு வெளிய விழுந்திருக்கு, எங்க பாயிண்ட்" என்று எதிர் அணியோடு சண்டைக்கு நின்றான். அவர்களும் விடவில்லை. ஆட்டம் ஐந்து நிமிஷம் நின்றது.